பானப் பெட்டியின் உட்பூச்சு: எதை எந்தத் தொட்டியில் இடுவது?

பால் பெட்டி, பழச்சாற்றுப் பெட்டி, தேநீர்க் குவளை ஆகியன பார்வைக்குக் கடதாசியாகவே தோன்றும். ஆயினும் வெறுங் கடதாசி பானத்தைத் தாங்காது. அது மரநாரால் ஆனது. நீர் ஊறினால் நார்களின் பிணைப்புத் தளர்ந்து குலைந்துவிடும். ஆகவே உட்புறத்தில் நீர் புகாத மெல்லிய பூச்சு இடப்படுகிறது. அந்தப் பெட்டி மீண்டும் கடதாசியாகுமா, எருவாகுமா, குப்பை மேடாகக் கிடக்குமா என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இப்பூச்சே.

பனையோலைப் பிளாவில் கூழ் அருந்திய தலைமுறைக்கு இயற்கையான நீர்த்தடை புதியதன்று. ஓலையின் மெழுகுப் படலம் கூழை ஒழுகாமல் காத்தது. பயன் முடிந்தபின் ஓலை உக்கி மண்ணாயிற்று. இன்றைய ஆய்வுகள் நாடுவதும் இத்தகைய பூச்சையே.

இன்றைய பெட்டியின் அமைப்பு

நீண்டநாள் கெடாத பாலை அடைக்கும் பெட்டியில் ஏறத்தாழ 75 வீதம் கடதாசி, 20 வீதம் பொலித்தீன், 5 வீதம் அலுமினியம் உள்ளன. கடதாசி விறைப்பைத் தருகிறது. பொலித்தீன் ஈரத்தைத் தடுக்கிறது. அலுமினியம் ஒளியையும் ஒட்சிசனையும் தடுக்கிறது. கடதாசி ஆலையில் இப்பெட்டிகளை நீர்த்தொட்டியிலிட்டுக் கலக்கும்போது நார் பிரிந்து கூழாகிறது. பொலித்தீனும் அலுமினியமும் எஞ்சுகின்றன. சாதாரண கடதாசியைவிட இதற்கு நேரம் கூடுதலாகத் தேவை.

புதிய பூச்சுகள்

மாப்பொருள், பாற்புரதம், இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைற்றோசான் ஆகியவை உலர்ந்த நிலையில் ஒட்சிசனை நன்கு தடுக்கும். ஈரம் பட்டால் வலுவிழக்கும். மெழுகு, சோளம் போன்ற பயிர்களின் சர்க்கரையிலிருந்து பெறப்படும் பொலிலக்ரிக் அமிலம், பற்றீரியாக்கள் தம் உடலுள் சேமிக்கும் பொலிஎஸ்தர் ஆகியவை நீரை நன்கு தடுக்கும். ஒரே பொருள் அனைத்தையும் செய்வது அரிது என்பதால் இரண்டு மூன்று படைகளாகப் பூசவேண்டியுள்ளது. பூச்சு தடித்தால் நார் பிரிவது கடினமாகும். மெலிந்தால் பானம் கசியும். ஆய்வாளர்களின் சிக்கல் இதுவே.

உக்குவது வேறு, மீள்சுழல்வது வேறு

ஈஎன் 13432 எனும் ஐரோப்பிய நியமத்தின்படி, கூட்டெருவாகும் பொதி தொழிற்சாலை நிலைமைகளில் 12 வாரங்களில் சிதைந்து, 6 மாதங்களுக்குள் 90 வீதம் உயிரியல் முறையில் உக்கவேண்டும். கடலிலோ தெருவோரத்திலோ உக்கும் என்பது இதன் பொருளன்று. பொலிலக்ரிக் அமிலம் விரைந்து உக்குவதற்கு ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டுப் பணிப்புரை இதனையும் பிளாஸ்டிக் என்றே கொள்கிறது. எனவே இப்பூச்சுள்ள ஒருமுறைக் குவளையிலும் ஆமை உருவுள்ள எச்சரிக்கைக் குறி இடம்பெறவேண்டும்.

குறிகளை வாசித்தல்

2023 ஜனவரி 1 முதல் இத்தாலியில் பொதிகளில் சுற்றுச்சூழல் குறியீடு கட்டாயமாகும். வீட்டுப் பொதிகளில் அவை எந்தச் சேகரிப்புக்குரியவை என்பதும் குறிக்கப்படவேண்டும்.

• சி/பாப் 81: கடதாசியும் பிளாஸ்டிக்கும்.
• சி/பாப் 84: கடதாசி, பிளாஸ்டிக், அலுமினியம்.
• "கொம்போஸ்தாபிலே" என்ற சொல்லும் ஈஎன் 13432 என்ற சான்றும்: சேதனக் கழிவு, அதாவது "ஓர்கானிக்கோ".
• "ராக்கோல்தா கார்த்தா": கடதாசிச் சேகரிப்பு.

பானப் பெட்டியை இத்தாலியின் சில நகரங்கள் கடதாசியுடனும், சில பிளாஸ்டிக்குடனும் சேர்க்கின்றன. எனவே நகரத்துக்கு நகரம் குடிபெயர்வோர் பழைய வழக்கத்தைப் பின்பற்றாது, தம் பகுதிக்குரிய கழிவுச் சேகரிப்பு நிறுவன அறிவித்தலைப் பார்ப்பது நன்று. இடுமுன் பெட்டியை வெறுமையாக்கி, அலசித் தட்டையாக்கவேண்டும்.

பலெர்மோவில் இதன் முக்கியத்துவம்

சாதாரண பூச்சுள்ள குவளை சேதனக் கழிவில் விழுந்தால் எருவில் பிளாஸ்டிக் துணுக்குகள் கலக்கும். உக்கும் குவளை பிளாஸ்டிக்கில் விழுந்தால் அந்தத் தொகுதியின் தரம் குன்றும். கலந்துபோனவை பெரும்பாலும் குப்பை மேட்டையோ எரியுலையையோ சென்றடைகின்றன. நகருக்கு மேலேயுள்ள பெல்லோலாம்போ குப்பை மேட்டில் 2012, 2023 கோடைகளில் தீ பற்றியபோது, நச்சுப்புகை பற்றிய அச்சம் நகரெங்கும் பரவியது. கோவில் விழாவிலும் பிறந்தநாள் விருந்திலும் குவளை வாங்குவோர் ஒரே வகையை வாங்கி, அதற்குரிய தொட்டியை அருகில் வைத்தால் கலப்பு பெருமளவு குறையும். பூச்சு எத்துணை சிறந்ததாயினும், உரிய தொட்டியில் இட்டாலன்றி அதன் பயன் கிட்டாது.