நல்ல காரியத்துக்கு ஓடினால் கால் தாங்குமா?

நற்பணிக்கு நிதி திரட்ட மாரத்தான் ஓடுவது இன்று உலகெங்கும் வேரூன்றிவிட்டது. 1981-இல் தொடங்கிய லண்டன் மாரத்தானில் ஓடியவர்கள் இதுவரை தொண்டு நிறுவனங்களுக்குத் திரட்டித் தந்த தொகை நூறு கோடி பவுண்டைத் தாண்டிவிட்டது. 2004 முதல் நடக்கும் மும்பை மாரத்தானிலும் ஓட்டமும் நன்கொடையும் சேர்ந்தே போகின்றன. கோயம்புத்தூரில் 2013 முதல் புற்றுநோய் அறக்கட்டளை ஒன்றுக்காகவே ஆண்டுதோறும் ஓடுகிறார்கள்.

இப்படி ஓடப்போவதாக உறவினர், நண்பர், அலுவலகத்தார் எல்லோரிடமும் சொல்லிப் பணமும் வாங்கியாயிற்று. பயிற்சியின் நடுவே கணுக்காலோ கெண்டைக்காலோ பிடித்துக்கொள்கிறது. அப்போது நாலாபுறமிருந்தும் அறிவுரைகள் வருகின்றன. பெரும்பாலும் அன்போடு சொல்லப்படுபவைதான். ஆனால் அவற்றில் பல தவறானவை, சில ஆபத்தானவை. 42.195 கிலோமீட்டர் தூரத்துக்குச் சுமார் நாற்பதாயிரம் தப்படி வைக்க வேண்டும். ஓடும்போது ஒவ்வொரு தப்படியிலும் உடல் எடையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. ஆறிக்கொண்டிருக்கும் காலுக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்பதை மனத்தில் வைத்து அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: “மன உறுதி இருந்தால் போதும். அபேபே பிகிலா ஆபரேஷன் செய்துகொண்டு ஓடித் தங்கம் வாங்கவில்லையா?”

உண்மை: வாங்கினார். எத்தியோப்பிய வீரரான பிகிலா, 1964 டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானுக்கு ஐந்து வாரம் முன்புதான் குடல்வால் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அப்படியிருந்தும் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்து, அன்றைய உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். இந்தக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். நான்கு ஆண்டு கழித்து நடந்ததை யாரும் சொல்வதில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் அதே பிகிலா காலெலும்பில் விரிசலோடு புறப்பட்டார். சுமார் 17 கிலோமீட்டரில் விலக நேர்ந்தது. அவருடைய நாட்டுக்காரரான மாமோ வோல்டே அன்று தங்கம் வென்றார்.

மனிதர் அதே மனிதர்தான். அவருடைய உறுதி நான்கு ஆண்டில் குறைந்துவிடவில்லை. முதல் முறை வெட்டுப்பட்டது வயிறு. ஓட்டத்தின் பாரத்தைச் சுமக்கும் உறுப்பு அது இல்லை. இரண்டாம் முறை அடிபட்டது அந்தப் பாரத்தைச் சுமக்கும் எலும்பு. ஆகவே “காயத்தோடு ஓடலாமா” என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த இடத்தில், எந்தத் திசுவில், எத்தனை வாரத்துக் காயம் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும்.

நம்பிக்கை 2: “எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, வலியும் போய்விட்டது. அப்படியென்றால் ஆறிவிட்டது.”

உண்மை: ஓட்டக்காரர்களுக்கு வரும் எலும்பு விரிசல் பெரும்பாலும் ஒரே அடியில் வருவதில்லை. திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் மெல்ல மெல்ல உண்டாகிறது. மருத்துவர்கள் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்பது இதைத்தான். முதல் இரண்டு மூன்று வாரம் இது எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும். எலும்பின் ஓர் இடத்தை விரல் வைத்து அழுத்தினால் அங்கே மட்டும் சுருக்கென்று வலிக்கிறதா, ஒற்றைக் காலில் குதித்தால் வலிக்கிறதா, இரவிலும் வலி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எக்ஸ்ரே நன்றாக இருப்பதை நம்பி ஓடக்கூடாது.

வலி நின்றபிறகும் வேலை முடிவதில்லை. தளம் போட்டால் மேல்பரப்பு மறுநாளே இறுகிவிடும். ஆனாலும் சென்ட்ரிங் பிரிக்கக் கொத்தனார் நாள் எண்ணுவார். எலும்பும் அப்படித்தான். பாதத்தின் நடுவிரல்களுக்குப் பின்னால் உள்ள நீள எலும்புகளிலோ, முழங்காலுக்குக் கீழே உட்புறத்திலோ விரிசல் வந்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதி, பாதத்தின் நடுவே உள்ள படகெலும்பு, கணைக்கால் எலும்பின் முன்பக்கம் ஆகிய இடங்கள் அப்படியல்ல. அங்கே விரிசல் முழு முறிவாகி அறுவை சிகிச்சை வரை போகலாம். இடுப்பின் முன்புறம் அல்லது தொடை இடுக்கில் வலியோடு ஓடுகிறவர் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை 3: “ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு அன்றைக்கு மட்டும் சமாளித்துவிடலாம்.”

உண்மை: இந்தப் பட்டியலில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான். மருந்துக்கடையில் கேட்டவுடன் கிடைக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் வலியைக் குறைக்கின்றன, விரிசலை ஆற்றுவதில்லை. நான்கு கிலோமீட்டரில் நின்றிருக்க வேண்டியவரை இருபது கிலோமீட்டர் ஓட வைத்துவிடுகின்றன. அதற்குள் விரிசல் பெரிதாகிவிடும்.

இன்னொரு கேடும் உண்டு. நீண்ட நேரம் ஓடி வியர்த்து உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. அந்த ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிக்க உடல் சுரக்கும் பொருளையே இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. சென்னை, மதுரை போன்ற ஊர்களின் வெக்கையில் ஓடுகிறவர்களுக்கு இது வெறும் பாடப்புத்தக எச்சரிக்கையாக நின்றுவிடாது. மாத்திரை இல்லாமல் ஓட முடியாத கால் மாரத்தானுக்குத் தயாராகவில்லை என்பதையே நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

நம்பிக்கை 4: “எந்தக் காயமானாலும் காலைக் கீழே வைக்காமல் படுத்திருப்பதே மருந்து.”

உண்மை: எலும்பு விரிசலுக்கு ஓய்வு வேண்டும். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் குதிகால் தசைநாணின் நாள்பட்ட வலிக்கு வெறும் ஓய்வு மட்டும் உதவாது. படுத்திருந்தால் வலி குறையும். மறுபடி ஓடிய முதல் வாரமே திரும்பி வரும். ஏனென்றால் பாரம் இல்லாத தசைநாண் இன்னும் பலவீனமாகிறது.

ஸ்வீடனைச் சேர்ந்த ஹோக்கன் ஆல்ஃப்ரெட்சன் என்ற மருத்துவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பார்வையையே மாற்றியது. நாள்பட்ட குதிகால் வலியோடு இருந்த 15 பேருக்கு அவர் 12 வாரம் ஒரே பயிற்சியைக் கொடுத்தார். படி விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். நாளுக்கு இரு வேளை, நாளடைவில் முதுகில் எடையும் ஏற்றிக்கொண்டு. பதினைந்து பேரும் பழையபடி ஓடத் தொடங்கினார்கள். அதே பயிற்சியை எலும்பு விரிசல் உள்ளவர் செய்தால் கேடுதான். எனவே பக்கத்து வீட்டுக்காரருக்குப் பலித்த வைத்தியம் உங்களுக்கும் பலிக்கும் என்று நினைக்க வேண்டாம். முதலில் காயம் எது என்று கண்டறியுங்கள். பிறகு ஃபிசியோவிடம் போங்கள்.

நம்பிக்கை 5: “மூச்சு வாங்கவில்லை, ஆகவே உடம்பு தயார்.”

உண்மை: காயத்திலிருந்து மீள்பவர்கள் பலர் இரண்டாம் முறை அடிபடுவது இந்த இடத்தில்தான். ஓட முடியாத வாரங்களில் நீச்சல் குளத்தில் தரையில் கால்படாமல் ஓடுவது, சைக்கிள் மிதிப்பது போன்றவற்றால் இதயத்தையும் நுரையீரலையும் நன்றாகவே காப்பாற்றிக்கொள்ளலாம். அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அந்த வாரங்களில் எலும்பும் தசைநாணும் தரையின் அடியைத் தாங்கிப் பழகவில்லை. திரும்பி வரும்போது மூச்சு பத்து கிலோமீட்டருக்குத் தயாராக இருக்கும்; கால் இரண்டுக்குக்கூடத் தயாராக இருக்காது. முதலில் அரை மணி நேரம் வேகமாக நடந்து வலி இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். அன்றைக்கு எப்படி இருந்தது என்பதைவிட மறுநாள் காலை எழுந்ததும் முதல் அடி வைக்கும்போது கால் என்ன சொல்கிறது என்பதே முக்கியம்.

லண்டன் மாரத்தானின் மருத்துவ அறிவுரையில் நெடுநாளாக இருக்கும் ஓர் அளவுகோலை எல்லோரும் கையாளலாம்: பந்தயத்துக்கு ஒரு மாதம் முன்பு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர், சிரமமின்றி ஓட முடியவில்லை என்றால் அந்த ஆண்டு முழு மாரத்தான் வேண்டாம்.

நம்பிக்கை 6: “நான் நின்றுவிட்டால் வசூல் வீணாகும். பணம் கொடுத்தவர்களை ஏமாற்றியதாகும்.”

உண்மை: கால்வலியைவிட இந்த எண்ணம்தான் பலரை வருத்துகிறது. கனடாவின் டெரி ஃபாக்ஸ் கதையை இங்கே சொல்ல வேண்டும். எலும்புப் புற்றுநோயால் 1977-இல் வலது காலை இழந்தவர் அவர். 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினார். நாளுக்கு ஏறத்தாழ ஒரு மாரத்தான் தூரம். நோக்கம் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி. 143 நாளில் 5,373 கிலோமீட்டர் கடந்தபின், செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே நின்றுவிட்டார். அவரை நிறுத்தியது காயமல்ல. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது.

நின்ற நாளில் திரண்டிருந்த தொகை சுமார் 17 லட்சம் டாலர். நின்ற ஒரு வாரத்துக்குள் ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஒரு கோடி டாலருக்கு மேல் வந்தது. 1981 பிப்ரவரிக்குள் அது 2 கோடியே 41 லட்சத்தைத் தாண்டியது. கனடியர் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தர வேண்டும் என்று அவர் விரும்பியிருந்தார். மக்கள்தொகைக் கணக்குக்கு அது சரியாக வந்துவிட்டது. 1981 ஜூனில் தம் 22-ஆம் வயதில் அவர் மறைந்தார். மறுகரையை எட்டவில்லை என்று ஒருவரும் தம் பணத்தைத் திருப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை.

நன்கொடை என்பது ஓட்டக்காரருக்குக் கொடுக்கும் கூலி அல்ல. தொண்டு நிறுவனத்தின் கணக்கில் சேர்ந்து ரசீது போட்டபின் அது அந்த நிறுவனத்தின் பணம். நீங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது டயாலிசிஸுக்கோ பள்ளிக் கட்டணத்துக்கோ போய்ச் சேரும். நம் ஊரில் 80ஜி என்று பழகிப்போன வரிச்சலுகையும் நன்கொடைக்குத்தான். நீங்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடினீர்கள் என்று அதில் யாரும் கேட்பதில்லை. காயமடைந்தவர் தம் இடத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க லண்டன் போன்ற பந்தயங்களில் வழி உண்டு. விதிகள் பந்தயத்துக்குப் பந்தயம் மாறும். தொண்டு நிறுவனத்தின் வழியே இடம் பெற்றிருந்தால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும், அதுவும் பந்தய நாளுக்கு முன்பே.

நம்பிக்கை 7: “என் பிப்பை நண்பரிடம் கொடுத்துவிடுகிறேன். இடமும் வீணாகாது, கணக்கும் சரியாகும்.”

உண்மை: நல்ல மனத்தோடு செய்கிற இந்தக் காரியம் நண்பரின் உயிருக்கே ஆபத்தாகலாம். பிப் என்னும் மார்பு அட்டையில் இருக்கும் எண் உங்கள் பெயரோடும் வயதோடும் பிணைந்தது. அதன் பின்புறத்தில் நீங்கள் சாப்பிடும் மருந்தும் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணும் எழுதப்பட்டிருக்கும். வழியில் நண்பர் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு உங்கள் விவரத்தை வைத்துச் சிகிச்சை தொடங்கும். தகவல் உங்கள் வீட்டுக்குப் போகும். பெரும்பாலான பந்தயங்கள் இதைத் தடை செய்திருப்பது இதனால்தான்.

நம்பிக்கை 8: “சொன்ன நாளில், சொன்ன தூரத்தை ஓடி முடித்தால்தான் மதிப்பு.”

உண்மை: பிரிட்டிஷ் ராணுவ மேஜர் ஃபில் பேக்கர் 2008-இல் ஈராக்கின் பாஸ்ராவில் முதுகெலும்பில் காயமடைந்தார். இனி நடக்க இயலாது என்று சொல்லப்பட்டவர், மறு ஆண்டே லண்டன் மாரத்தான் பாதையில் ஊன்றுகோலோடு இறங்கினார். மருத்துவர்கள் வகுத்த வரம்பு நாளுக்கு இரண்டு மைல். அவர் அதை மீறவில்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, காயம்பட்ட படைவீரர்களுக்காக நிதி திரட்டி முடித்தார்.

குதிரையிலிருந்து விழுந்து மார்புக்குக் கீழே செயலிழந்த கிளேர் லோமாஸ், 2012-இல் கால்களை இயக்கும் எந்திர உடையின் துணையோடு அதே பாதையை 16 நாளில் கடந்தார். ஒரே நாளில் முடிக்கவில்லை என்பதால் அவருக்குப் பதக்கம் தரப்படவில்லை. ஓடி முடித்த பலர் தங்கள் பதக்கங்களை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். 2018-இல் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த டாம் மூர், 2020-இல் நூறாவது பிறந்தநாளுக்கு முன் நடைச்சட்டத்தைப் பிடித்தபடி தம் வீட்டுத் தோட்டத்தில் 25 மீட்டர் தூரத்தை நூறு முறை நடந்தார். ஆயிரம் பவுண்டு கிடைத்தால் போதும் என்று தொடங்கியவருக்கு மூன்று கோடி பவுண்டுக்கு மேல் வந்தது. நடந்த தூரம் மொத்தம் இரண்டரை கிலோமீட்டர்.

இந்த மூவரையும் வலியை வென்றவர்கள் என்று புகழ்கிறோம். நான் அவர்களிடம் கற்பது வேறு. தம் உடலால் முடிந்த அளவு எது என்று தெரிந்துகொண்டு, அந்த அளவுக்குள் ஒரு பணியை அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். உங்களாலும் அது முடியும். முழு மாரத்தானுக்குப் பதிலாக 5 கிலோமீட்டர் நடைக்கு மாறலாம். தண்ணீர்ப் பந்தலில் நின்று தொண்டு செய்யலாம். அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கலாம்.

காயத்தோடு இருப்பவர் இந்த வாரமே மூன்று காரியம் செய்யட்டும்: மருத்துவரிடம் காயத்தின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், தொண்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லட்டும், பணம் கொடுத்தவர்களுக்கு நான்கு வரி எழுதட்டும். காலில் விரிசல், மருத்துவர் வேண்டாம் என்கிறார், உங்கள் பணம் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது, அடுத்த ஆண்டு ஓடுவேன் என்று எழுதினால் போதும். அதைப் படிக்கும் யாரும் கோபப்பட மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் கொடுப்பவர்களும் இருப்பார்கள். நீங்கள் வாக்குக் கொடுத்தது நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும். அவர்களுக்கு உங்கள் உதவி இந்த ஓர் ஆண்டோடு தேவைப்படாமல் போய்விடாது. அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் அவர்களுக்காக இறங்க உங்களுக்கு நல்ல கால்கள் வேண்டும்.