வயிற்றெரிச்சலை அலட்சியம் செய்யாதீர்!



வயிறு எரிந்தால் என்ன செய்கிறோம்? கடையில் காஸ் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது சாதாரண எரிச்சல்தான். ஆனால் இரைப்பைப் புற்றுநோயும் இப்படித்தான் தொடங்கி ஆளை ஏமாற்றும். நம் நாட்டில் பலருக்கு அது முற்றிய பிறகே தெரியவருகிறது.

அது எப்படிப் பரவுகிறது? நம் உடம்பிலுள்ள ஒவ்வோர் உயிரணுவிலும் மரபணுக்கள் இருக்கின்றன. பெரட்டில் கிராணி வேலை பிரித்துக் கொடுப்பதுபோல், அணுவுக்கு அவையே வேலை சொல்கின்றன. 'சி.டி.எச்.1' என்ற மரபணுவின் வேலை, அணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் பசையைச் செய்விப்பது. ரப்பர் பாலில் அமிலம் விட்டால் கட்டியாகும். அமோனியா விட்டால் உறையாமல் ஓடும் அல்லவா? இந்த மரபணு பழுதானாலோ, வேலை செய்யாமல் அடங்கிப்போனாலோ, புற்று அணுக்கள் பிடிப்பு விட்டுப் பிரிந்து கல்லீரல் வரை ஓடிவிடும்.

1998இல் நியூசிலாந்தில் ஒரு மவோரிக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இந்நோய் வந்ததற்கு இந்தப் பழுதே காரணம் என்று கண்டார்கள். ஆனால் பரம்பரையாக வருவது கொஞ்சம்தான். பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. அதை 1982இல் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய டாக்டர்கள் மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. வருடக்கணக்கில் இரைப்பையைப் புண்ணாக்கும் இக்கிருமி, மேலே சொன்ன மரபணுவையும் அடக்கிவிடக்கூடும்.

மலேசிய ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியரிடமும் சீனரிடமும் இக்கிருமி அதிகம் காணப்பட்டது. சிறு வயதில், நெருக்கமாக வாழும் வீட்டில் எளிதில் தொற்றும். லயத்தில் பிறந்து வளர்ந்து, இன்று ஈப்போ பக்கம் குடியேறிவிட்டவர்களுக்கும் அது வயிற்றில் தங்கியிருக்கலாம். பயப்பட வேண்டாம், இரண்டு வார மாத்திரையில் பெரும்பாலோருக்கு ஒழிந்துவிடும். டாக்டர் சொன்னபடி முழுவதும் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது.

கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, உடம்பு இளைப்பது, விழுங்கச் சிரமம், தொடர்ந்த வாந்தி, மலம் தார்போல் கறுப்பது — இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது இந்நோய் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தேவையானால் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பார்கள். சுருட்டு, சிகரெட்டை விடுங்கள். உப்புக் கருவாட்டைக் குறையுங்கள்.

"ஒரு நாள் சம்பளம் போய்விடுமே" என்று தள்ளிப் போடாதீர்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு: சேவைக் காலத்தைப் பொறுத்து வருடத்துக்கு 14 முதல் 22 நாள் வரை. அது உங்கள் உரிமை.