மண்ணின் இண்டு இடுக்குகளில் நடப்பது என்ன?

எங்க ஊர் திருவண்ணாமலை. கிரிவலம் போற ஊர் இல்லீங்க. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துல, மலைமேல பெருமாள் கோயில் இருக்கிற சின்ன ஊர். மேற்கே மலையடிவாரம் செம்மண். கிழக்கே போகப் போகக் கரிசல். எனக்கு இரண்டிலும் கொஞ்சம் நிலம் உண்டு.

நாலு வருசத்துக்கு முன்னால கரிசல் காட்டுல போட்ட பருத்தி மஞ்சளாகிப் போச்சு. மண் பரிசோதனை அறிக்கையைப் பார்த்தா சாம்பல்சத்து நிறைய, மணிச்சத்து பரவாயில்லை. சத்து இருக்கு, செடிக்குக் கிடைக்கலை. ஒவ்வொரு தண்ணிக்கும் ஜீவாமிர்தம் விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்துக் காட்டு மாமா வந்து மண்வெட்டியால் ஒரு செடியைத் தோண்டிக் காட்டினார். ஆணிவேர் ஒரு சாண் இறங்கி, அப்படியே பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது.

"மாப்ளே, சத்து இல்லாம இல்ல. வேர் போக வழி இல்ல" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

பரிசோதனைக்கூடத்தில் நம்ம மண்ணைக் காயவைத்து, இடித்து, 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, அதன் பிறகுதான் சோதிக்கிறார்கள். எல்லா மண்ணையும் ஒரே மாதிரி ஒப்பிட அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் இடித்ததும் மண்ணின் இண்டு இடுக்கெல்லாம் போய்விடுகிறது. நல்ல மண்ணில் பாதி இடம் வெற்றிடம்தான். காற்றும் தண்ணியும் வேரும் நுண்ணுயிரும் இருப்பது அங்கேதான். வீட்டை இடிச்சுட்டு உள்ளே எத்தனை மூட்டை நெல் இருந்ததுன்னு எண்ணலாம். கதவு திறந்திருந்ததா என்று தெரியாது.

அந்த இடுக்குகளின் சுவரைக் கொஞ்சம் பார்ப்போம். கரிசலில் இருக்கும் களித்துகள் ஏடு ஏடாக அடுக்கிய புத்தகம் மாதிரி. ஒரே ஒரு கிராம் களியின் ஏடுகளையெல்லாம் பிரித்து விரித்தால் 600 முதல் 800 சதுர மீட்டர் வரும். நம்ம கணக்கில் 15 முதல் 20 சென்ட்! செம்மண்ணில் அதிகம் இருக்கும் களி வகையில் கிராமுக்கு 10, 20 சதுர மீட்டர்தான், அரை சென்ட்கூடத் தேறாது. நன்றாக மக்கிய மட்கு கரிசல் களிக்குச் சமமாகப் பரப்பு உள்ளது.

இந்தப் பரப்பில் பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. அதனால் நேர்மின்னூட்டம் உள்ள சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம், அம்மோனியம் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னூட்டம், அது ஒட்டாமல் தண்ணியோடு இறங்கிவிடும். 1850இல் வே என்ற ஆங்கில வேதியியலாளர் இதைச் சோதித்து எழுதினார்: அம்மோனிய உப்புக் கரைசலை மண்ணில் ஊற்றினால் அம்மோனியம் மண்ணோடு தங்குகிறது, அதற்குப் பதில் சுண்ணாம்பு வெளியே வருகிறது.

நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டி, வாயில் துணி கட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். பாதி மணல், பாதி கரிசல் கலந்து நிரப்புங்கள். ஒன்றில் மருந்துக்கடையில் கிடைக்கும் ஊதா மருந்தை (ஜென்ஷியன் வயலெட்) தண்ணியில் கலந்து ஊற்றுங்கள். மற்றதில் சிவப்பு மை கலந்த தண்ணி. ஊதாவை மண் பிடித்துக்கொள்ளும், கீழே தெளிந்த தண்ணி சொட்டும். சிவப்பு பெரும்பாலும் சிவப்பாகவே வந்துவிடும். என் மகள் இதைப் பார்த்துவிட்டு, "அப்பா, மண்ணு ஆள் பார்த்துத்தான் விடுது" என்றாள்.

எங்க தாத்தா கோடையில் கண்மாய்க் கரம்பையை வண்டி வண்டியாக அள்ளிச் செம்மண் காட்டில் அடித்ததற்கு அர்த்தம் எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. அவர் உரம் மட்டும் போடவில்லை, உரம் தங்கப் பரப்பும் போட்டிருக்கிறார்.

அப்படியானால் இவ்வளவு பரப்பு உள்ள கரிசலில் ஏன் பருத்தி மஞ்சளாச்சு? பரப்பு இருந்தால் போதாது, அதுக்குப் போய்ச் சேர வழி வேண்டும். 0.05 மில்லிமீட்டரைவிடப் பெரிய துளைகளில் தண்ணி வடிந்து காற்று நுழையும். அதைவிடச் சின்னவை தண்ணியைப் பிடித்துவைக்கும். மிக நுண்ணிய துளைத் தண்ணியை வேரால் உறிஞ்சவே முடியாது. ஈரத்தில் டிராக்டர் ஓட்டினால் முதலில் நசுங்குவது பெரிய துளைகள்தான். நான் அதைத்தான் செய்திருந்தேன், வாடகை வண்டி கிடைத்த நாளில் உழுதுவிடணும் என்று. காற்றுப் போகாத இடத்தில் சில நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தழைச்சத்தைக் காற்றாக்கி விட்டுவிடும். ஒரே மண் கட்டியின் வெளிப்பக்கம் காற்றோட்டமாகவும் உள்பக்கம் மூச்சுமுட்டியும் இருக்கும். அறிக்கையில் இது வராது.

ஜீவாமிர்தம் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது. வெடித்துக் கிடந்த கரிசலில் ஊற்றினேன். வெடிப்பு வழியாக நேரே கீழே போய்விட்டது, கட்டிக்குள் நுழையவே இல்லை. இப்போது மழை பெய்து வெடிப்பு மூடிய பிறகு, மூடாக்கின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுகிறேன்.

இன்னொரு வினை என் போர்த் தண்ணி. அதில் சோடியம் அதிகம். சோடியம் களியின் மேலிருக்கும் சுண்ணாம்பைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தால் ஏடுகள் பிரிந்து, கரைந்து, துளைகளை அடைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். பட்டாணி அளவு காய்ந்த மண் கட்டியைக் கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணிக்குள் மெதுவாகப் போடுங்கள், கலக்காதீர்கள். கட்டி பொலபொலவென்று உதிர்ந்தால் மட்கு போதவில்லை. சுற்றிலும் பால் மாதிரிக் கலங்கினால் சோடியம். இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவையும் மறுநாள் ஒரு தடவையும் பாருங்கள்.

பால் கலங்கினால் மட்கு மட்டும் போதாது, ஜிப்சம் வேண்டும். "இயற்கை விவசாயி ஜிப்சம் போடலாமா?" என்று நம்ம கூட்டத்திலேயே கேட்டார்கள். வெட்டியெடுத்த ஜிப்சம் ஒரு கல், போடலாம். உரத் தொழிற்சாலைக் கழிவாக வருவது வேறு, கேட்டு வாங்குங்கள். அளவை மண் பரிசோதனையில் தெரிந்துகொள்ளுங்கள். போட்ட பிறகு நல்ல தண்ணியோ மழையோ சோடியத்தைக் கழுவி இறக்க வேண்டும், வடிகால் இல்லாவிட்டால் காசு வீண். நான் மழைக்கு முன்னால் ஜிப்சம் போட்டு, அடுத்துத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுதேன். கோடையில் ஆட்டுக்கிடை அமர்த்தினேன்.

போன வருசம் பருத்தி வேர் ஒன்றரை முழம் நேராக இறங்கியிருந்தது. ஆனால் பள்ளத்து மூலையில் எடுத்த கட்டி இன்னமும் டம்ளர் தண்ணியை வெள்ளையாக்குகிறது. அங்கே இந்த வருசமும் தக்கைப்பூண்டுதான்.