இல்லத்தில் தொழில் செய்யும் தாய்மாரின் நேரக் கணக்கு



அன்புள்ள சகோதர வியாபாரிகளே!

நம் சமூகத்துப் பெண்மக்களில் பலர் இன்று வீட்டிலிருந்தபடியே ஏதேனும் ஒரு தொழில் செய்து வருகின்றனர். ஒருவர் பெருநாள் உடைகள் தைத்துக் கொடுக்கிறார். ஒருவர் மசாலைத்தூள் அரைத்துப் பொட்டலம் கட்டுகிறார். மற்றொருவர் ஆர்டரின் பேரில் பலகாரமும் பிரியாணியும் செய்து தருகிறார். கைத்தொலைபேசியும் வாட்ஸ்அப்பும் வந்த பிறகு, கடை வைக்காமலே வாடிக்கை பிடிப்பது எளிதாகிவிட்டது. இது பாராட்டத் தக்கதேயாகும்.

ஆயினும், கையில் பச்சைப் பிள்ளையோடு தொழில் செய்யும் தாய்மாரின் நிலை என்ன? நள்ளிரவு வரை தையல் இயந்திரத்தின் முன் உட்காருகிறார்கள். ஸுபுஹுத் தொழுகை தவறுகிறது. தூக்கமில்லாத எரிச்சல் பகலில் பிள்ளைகள்மீது பாய்கிறது. சில மாதங்களில் உடம்பு கெட்டு, ‘நமக்கு இது சரிவராது’ என்று தொழிலையே மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். இதற்குக் காரணம் அவர்களுடைய சோம்பலும் அல்ல, திறமைக் குறைவும் அல்ல. அவர்களுடைய நேரத்துக்கு வீட்டில் எவரும் கணக்கு வைக்காததே காரணம். அந்தக் கணக்கை எப்படி எழுதுவது என்பதே இப்பாடத்தின் நோக்கம். தாய்மாருக்கு மட்டுமின்றிக் கணவன்மாராகிய நமக்கும் இது உரியது.

1. நேரமும் முதல்தான்

திருக்குர்ஆனில் 103-வது அத்தியாயமான ‘அல் அஸ்ர்’ மூன்றே வசனங்கள் கொண்டது. காலத்தின்மீது சத்தியம் செய்து தொடங்கும் அந்த அத்தியாயம், ஈமானும் நற்செயலும் சத்தியத்தையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் எடுத்துரைத்தலும் இல்லாத மனிதன் நஷ்டத்தில் இருப்பதாகச் சொல்கிறது. நஷ்டம் என்பது நம் கல்லாப் பெட்டியின் பாஷையல்லவா?

ஆரோக்கியம், ஓய்வு நேரம் ஆகிய இரு நிஃமத்துக்களிலும் மனிதரில் பலர் ஏமாந்து போகின்றனர் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது. அங்கே வரும் ‘மக்பூன்’ என்ற அரபுச் சொல், கொடுக்கல் வாங்கலில் ஏமாந்து நஷ்டப்பட்டவனைக் குறிப்பதாகும். ஆகவே, நேரத்தை வியாபார முதலாக எண்ணிக் கணக்குப் பார்ப்பது மார்க்கத்துக்குப் புதிதான யோசனையல்ல.

2. முதலில் தெளிய வேண்டிய மஸ்அலா

மனைவி மக்களுக்கு உணவும் உடையும் இருப்பிடமும் கொடுப்பது கணவன்மீது கடமை. பாலூட்டும் தாயைப் பற்றிப் பேசுகின்ற அல்பகரா அத்தியாயத்தின் 233-வது வசனம், இரண்டாண்டுப் பாலூட்டலைச் சொல்லுமிடத்திலேயே அவளுடைய உணவுக்கும் உடைக்கும் தகப்பனைப் பொறுப்பாக்குகிறது. அன்னிஸா அத்தியாயத்தின் 32-வது வசனமோ, ஆண்கள் சம்பாதித்ததில் ஆண்களுக்குப் பங்கு உண்டு என்பது போலவே, பெண்கள் சம்பாதித்ததில் பெண்களுக்கும் பங்கு உண்டென அறிவிக்கிறது.

இதன்படி மனைவி தைத்தோ சமைத்தோ பெறும் பணம் அவளுடையது. அதை அவள் மனமுவந்து வீட்டில் செலவிட்டால், அதற்கு ஸதகாவின் கூலியும் உறவைப் பேணிய கூலியும் சேர்ந்து கிடைக்கும். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் தம் பொருளைக் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அனாதைப் பிள்ளைகளுக்கும் செலவிடுவது பற்றிக் கேட்டபோது கிடைத்த விளக்கம் இதுவே. உம்முல் முஃமினீன் ஜைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் தம் கையால் உழைத்து, வந்ததைத் தர்மம் செய்து வந்தார்கள்.

நேரக் கணக்கில் இந்த மஸ்அலாவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ‘வாடகைக்குப் பற்றாது, இன்னும் நாலு ஆர்டர் பிடி’ என்று கணவர் நெருக்கும் வீட்டில் எந்தக் கால அட்டவணையும் நிலைக்காது. தன் சக்திக்குத் தக்கபடி வேலையைக் கூட்டவும் குறைக்கவும் அவளுக்கு உரிமை இருக்கும் வீட்டில்தான் கணக்கு ஒழுங்காக நடக்கும்.

3. ஒரு நாளின் ஐந்தொகை

எட்டு வயதுப் பையனும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் உள்ள, உடை தைத்துக் கொடுக்கும் ஒரு தாயை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். நமக்கெல்லாம் போல் அவருக்கும் வரவு 24 மணி நேரமே. செலவைப் பார்ப்போம்.

தூக்கம் 7 மணி. ஒளுவுடன் ஐவேளைத் தொழுகை ஒன்றேகால் மணி. சமையலும் சாப்பாடும் பாத்திரம் கழுவுதலும் 4 மணி. பிள்ளைகளைக் குளிப்பாட்டல், ஊட்டல், விளையாட்டு, பள்ளிப் பாடம் ஆகியவற்றுக்கு 5 மணி. துணி துவைத்தல், வீடு பெருக்கல் 2 மணி. சந்தை, விருந்தாளி, தொலைபேசி ஆகியவற்றுக்கு ஒன்றே முக்கால் மணி. ஆக மொத்தம் 21 மணி. மீதம் 3 மணி.

அந்த மூன்று மணியும் ஒரே துண்டாகக் கிடைப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காலையில் ஒரு துண்டு, மதியம் ஒரு துண்டு என்று சிதறியே கிடைக்கும். ‘நாள் முழுவதும் வீட்டில்தானே இருக்கிறாள்’ என்று நினைப்பவர், இந்த ஐந்தொகையைத் தம் வீட்டுக்கு ஒரு தடவை எழுதிப் பார்ப்பது நல்லது. ஒரு வாரத்துக்குச் சிட்டை போல் குறித்து வைத்தால் உண்மை நிலவரம் தெரிந்துவிடும்.

4. தொழுகை வக்துகளே நாளின் கூறுகள்

பூமத்திய ரேகையை ஒட்டியுள்ள சிங்கப்பூரில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. இங்கே தொழுகை நேரங்கள் வருடம் முழுவதிலும் சுமார் அரைமணி நேரமே முன்பின்னாக மாறுகின்றன. இங்கிலாந்தில் வசிப்பவர் கோடைக்கு ஒன்றும் குளிருக்கு ஒன்றுமாக அட்டவணை போட வேண்டும். நாமோ ஒரு தடவை வகுத்த ஒழுங்கை ஆண்டு முழுதும் நடத்தலாம். கடிகாரத்தைவிட வக்தைக் கொண்டு நாளைப் பிரிப்பது பிள்ளைகளுக்கும் எளிதில் பழகிவிடும்.

ஸுபுஹுக்குப் பின்: அதிகாலையில் பரக்கத் வேண்டி நாயகம் (ஸல்) அவர்கள் துஆச் செய்தார்கள். அந்த ஹதீஸை அறிவித்த ஸக்ருல் காமிதி (ரலி) அவர்கள் ஒரு வியாபாரி. தம் சரக்கை அதிகாலையிலேயே அனுப்பிச் செல்வம் பெருகியவர்கள். பிள்ளைகள் எழுமுன் கிடைக்கும் இந்த அரைமணியைக் கவனம் தேவைப்படும் வேலைக்கு ஒதுக்க வேண்டும்.

முற்பகல்: பையன் பள்ளிக்கூடம் போய், சமையலும் ஆனபின், சிறு குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யக்கூடிய கைவேலைக்கு ஒரு மணி நேரம்.

லுஹருக்குப் பின்: சின்னக் குழந்தை உறங்கும் நேரம். அந்த உறக்கத்தில் முதல் இருபது நிமிஷம் தாயும் படுத்து எழலாம். பகலில் சற்றே சாய்ந்திருக்கும் ‘கைலூலா’ நம் மார்க்கத்தில் அறியப்பட்டதே. அதன்பின் ஒன்றரை மணி நேரம் இயந்திர வேலை. பள்ளியிலிருந்து திரும்பிய பையன் சாப்பிட்டுவிட்டுத் தன் பாடத்தை எடுத்து உம்மாவின் அருகிலேயே உட்காரப் பழகட்டும்.

அஸருக்குப் பின் பிள்ளைகளுக்கே உரிய நேரம். மஃரிபுக்குப் பின் ஓதல். இந்த இரண்டு வேளைகளிலும் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவதை அடியோடு நிறுத்திவிட வேண்டும். இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் காலம் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் உறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூக்கம் தேவை என வைத்தியர்கள் கூறுகின்றனர். ஆகவே இஷாவோடு விளக்கணைப்பது பிள்ளைக்கும் நலம், தாய்க்கும் நலம். அடுக்குமாடி வீட்டில் இரவு நேர இயந்திரச் சத்தம் கீழ்வீட்டாரின் தூக்கத்தையும் கெடுக்கும் என்பதை மறக்கலாகாது.

5. வேலையை மூன்று வகையாகப் பிரித்தல்

கடையில் கண்ணாடிச் சாமானையும் அரிசி மூட்டையையும் ஒரே இடத்தில் அடுக்குவோமா? வேலைகளையும் அவ்வாறே வகை பிரிக்க வேண்டும்.

முதல் வகை, நடுவில் விட்டுவிட்டு எழுந்தாலும் கெடாதவை. பொத்தான் தைத்தல், துணி மடித்தல், சீட்டு ஒட்டுதல், பொட்டலம் கட்டுதல் இதில் சேரும். குழந்தை விழித்திருக்கும்போது இவற்றைச் செய்யலாம்.

இரண்டாம் வகை, கவனம் சிதறினால் நஷ்டம் வருபவை. அளவு பார்த்துத் துணி வெட்டுதல், பணக் கணக்கு எழுதுதல், வாடிக்கையாளரிடம் விலை பேசுதல் போன்றவை. இவற்றை விடிகாலையில் வைத்துக்கொள்ள வேண்டும். விலை கேட்டு வந்த செய்திக்கும் மறுநாள் காலையில் நிதானமாகப் பதில் எழுதலாம்.

மூன்றாம் வகை, குழந்தைக்கு ஆபத்தானவை. கொதிக்கும் எண்ணெய், இஸ்திரிப் பெட்டி, கத்தரிக்கோல், ஓடும் தையல் இயந்திரம். குழந்தை உறங்கும்போதோ, பெரியவர் ஒருவர் அதனைப் பார்த்துக்கொள்ளும்போதோ மட்டுமே இவற்றைத் தொட வேண்டும். ஆர்டர் எவ்வளவு அவசரமாயினும் இதில் விதிவிலக்கு கூடாது.

6. குழந்தை அழுதால்

திட்டம் எத்தனை ஒழுங்காயிருந்தாலும் குழந்தை அதைக் கலைக்கத்தான் செய்யும். இதற்காகத் தாய் மனம் உடைய வேண்டியதில்லை. நீட்டித் தொழவைக்க எண்ணி நின்ற நாயகம் (ஸல்) அவர்கள், பின்னால் ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். தொழுகையே சுருங்கும்போது நம் தையலும் பலகாரமும் எம்மாத்திரம்?

வேலையை நிறுத்தும்போது ஒரு பழக்கம் உதவும். எந்த இடத்தில் நிறுத்தினோம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் துணியோடு குத்தி வைத்துவிட வேண்டும். திரும்பி வந்ததும் தேடிக்கொண்டிருக்கும் நேரம் மிச்சமாகும். மேலும், குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிகவும் பிரியமானது என்ற போதனையும் நமக்கு உண்டு. ஒருநாள் பத்து மணி நேரம் உழைத்து மறுநாள் படுத்துக்கொள்வதைவிட, தினம் மூன்று மணி உழைப்பதே நீடித்து நிற்கும்.

7. எவ்வளவு ஆர்டர் எடுப்பது?

கையிருப்பு இல்லாத சரக்கை விற்றுவிட்டு விழிக்கும் வியாபாரியை நாம் என்ன சொல்வோம்? இல்லாத நேரத்தை விற்பதும் அப்படியே. மேற்சொன்ன தாய்க்கு வாரத்தில் ஐந்து நாளுக்கு 15 மணி நேரம் இருப்பு. ஓர் உடைக்குத் துணி வெட்ட 40 நிமிஷம், இயந்திரத்தில் 2 மணி, கைவேலைக்கு 1 மணி 20 நிமிஷம், ஆக 4 மணி ஆகிறதென்று வைப்போம். மூன்று உடைக்கு 12 மணி. மீதமுள்ள 3 மணியை விற்கலாகாது. அது பிள்ளைக்குக் காய்ச்சல் வரும் நாளுக்கான ஒதுக்கு. வாரம் மூன்று உடைக்கு மேல் கேட்பவரிடம், ‘அடுத்த வாரம் தருகிறேன்’ என்று முன்னதாகவே சொல்லிவிடுவது நாணயம். அந்த 4 மணிக்கும் சேர்த்தே கூலி பேச வேண்டும்.

சட்டமும் இதையே வற்புறுத்துகிறது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் சிறிய அளவில் தையல், சமையல் போன்ற தொழில்களைத் தனி அனுமதி இன்றி நடத்தலாம். ஆனால் அவ்வீட்டில் குடியிராதவரை வேலைக்கு அமர்த்தக் கூடாது. விளம்பரப் பலகை வைக்கக் கூடாது. வீட்டு உபயோகச் சாதனங்களையே பயன்படுத்த வேண்டும். அண்டை வீட்டாருக்குத் தொல்லை தரக் கூடாது. எனவே ஆர்டர் பெருகினால் ஆள் சேர்த்துச் சமாளிக்கும் வழி வீட்டில் இல்லை. இருக்கும் கைகளின் அளவே தொழிலின் அளவு.

பெருநாள் ஆர்டர்களை ஷஃபான் மாதத்தோடு முடித்துக்கொள்வது உத்தமம். ரமலானின் இரவுகள் இபாதத்துக்கு உரியவை. அவை தையலில் கழிந்துவிடக் கூடாது.

8. கணவரின் பங்கு

நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என ஆயிஷா (ரலி) அவர்கள் தெரிவித்தார்கள். நாம் செய்யக்கூடியவை மூன்று.

முதலாவது, அவளுடைய தொழில் நேரத்தைக் கடை திறந்திருக்கும் நேரம்போல் மதிப்பது. அந்த நேரத்தில் ‘ஐந்து பேர் சாப்பிட வருகிறார்கள்’ என்று கடையிலிருந்து செய்தி அனுப்பக் கூடாது. விருந்தாளி வருவதானால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை முழுப் பொறுப்போடு பார்த்துக்கொள்வது. சிராங்கூன் ரோடு வட்டாரத்தில் கடை வைத்திருப்போருக்கு ஞாயிறே கூட்டம் மிகுந்த நாள். ஆகையால் வியாபாரம் மந்தமான ஒரு வாரநாள் காலையைத் தேர்ந்து, அந்த நேரத்துக்குக் கடைப்பையனிடம் கல்லாவை ஒப்படைக்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் தைத்தாலும் சரி, தூங்கினாலும் சரி, அது அவளுடைய விருப்பம்.

மூன்றாவது, மாதம் ஒருமுறை அவளோடு உட்கார்ந்து கணக்கைப் பார்ப்பது. பணத்தின் கணக்கோடு, தொழுகை தவறியதா, தூக்கம் குறைந்ததா, பிள்ளைகளிடம் கோபம் மிகுந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். இவற்றில் நஷ்டம் காட்டினால், பணத்தில் லாபம் வந்தாலும் அந்த மாதத்து ஆர்டரைக் குறைத்துவிட வேண்டும்.

சகோதரர்களே! பிள்ளைகள் மடியில் தவழும் காலம் சில வருடங்களே. அந்த வருடங்களில் தொழில் சிறிதாக நடந்தாலும் பாதகமில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் அதைப் பெருக்கிக்கொள்ளலாம். இன்றிரவு கடையடைத்து வீடு சென்றதும், ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு, மேற்சொன்ன 24 மணிக் கணக்கை உங்கள் இல்லத்தாரோடு சேர்ந்து எழுதிப் பாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நேரத்திலும் பொருளிலும் மக்களிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.