நோயாளியும் கோப்பும் நீதிபதியும்

அமெரிக்காவில் ஒரு கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பவர் நோயினாலோ விபத்தினாலோ மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் முடங்க நேர்ந்தால், அவருடைய சம்பளத்தில் ஏறக்குறைய 60 சதவீதத்தை மாதந்தோறும் கொடுத்துவருவதற்கென்று எஜமானர் ஏற்பாடு செய்து வைத்திருக்கும் நீண்டகால இயலாமை இன்ஷூரன்ஸ் ஒன்று பல இடங்களில் உண்டு. நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வேலையில் சேரும் நாளில் கையெழுத்திடும் காகிதக் கட்டுக்குள் அதுவும் ஒன்றாக இருக்கும். வாலிபமும் தேகசுகமும் உள்ள வயதில் அதைப் பிரித்துப் படிப்பவர் அபூர்வம். பின்னொரு காலத்தில் நோய் வந்து, பணம் கேட்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனி இல்லையென்று மறுத்துக் கடிதம் எழுதும்போதுதான், கோர்ட்டைப் பற்றி மனிதர்கள் பரம்பரையாகக் கொண்டிருக்கும் நம்பிக்கைகள் யாவும் திரண்டு வந்து தைரியம் சொல்லுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தேசத்துச் சட்டத்தில் ஆதாரம் இல்லை.

முதலாவதும் மற்றவற்றுக்கெல்லாம் மூலமுமான நம்பிக்கை, கோர்ட்டுக்குப் போய்விட்டால் நம் கஷ்டத்தை நீதிபதியின் முகத்துக்கு நேரே சொல்லிக்கொள்ளலாம் என்பது. சாட்சிக் கூண்டில் ஏறி, தம்மால் கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாததை எடுத்துரைத்து, மனைவியையும் வைத்தியரையும் சாட்சிக்கு அழைத்து, ஜூரிகளின் கண் கலங்கும்படி நடந்ததைச் சொன்னால் நியாயம் தானாகப் பிறந்துவிடும் என்று எண்ணுவது, அந்த ஊர்ச் சினிமாக்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இயல்பே. ஆனால் எஜமானர் வழியாக வந்த இன்ஷூரன்ஸ் வழக்கை ஆளுவது 1974-ஆம் வருஷத்திய எரிசா என்னும் ஃபெடரல் சட்டம்; அதன்கீழ் வரும் இத்தகைய வழக்கில் சாதாரணமாக ஜூரியும் இல்லை, கூண்டும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. நீதிபதியின் மேஜைக்கு வருவது ஒரு கோப்பு. கோரிக்கை போட்ட நாள் தொட்டுக் கடைசி மறுப்புக் கடிதம் எழுதிய நாள் வரையில் கம்பெனியிடம் சேர்ந்த வைத்தியக் குறிப்புகள், பரிசோதனை முடிவுகள், நோயாளியை நேரில் பாராமலே காகிதங்களைப் படித்து அபிப்பிராயம் எழுதிய கூலி வைத்தியர்களின் அறிக்கைகள், சில வேளைகளில் நோயாளி கடையிலிருந்து பையைத் தூக்கி வருவதை மறைவாக நின்று வீடியோ எடுத்த துப்பறிவோனின் குறிப்பு ஆகிய இவையெல்லாம் அடங்கிய அந்தக் கோப்பே அநேகமாக முழு வழக்கும் ஆகும்.

இந்தச் சட்டம் தொழிலாளியை வஞ்சிப்பதற்காகப் பிறந்ததன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியானா மாநிலத்து சௌத் பெண்ட் நகரில் இருந்த ஸ்டூடிபேக்கர் மோட்டார் தொழிற்சாலை மூடப்படும் என்று 1963 டிசம்பரில் அறிவிப்பு வந்தபின், அங்கே பல வருஷம் உழைத்த ஆயிரக்கணக்கானோர் தமக்கு வரவேண்டிய பென்ஷனில் பெரும்பகுதியைப் பறிகொடுத்தார்கள். அந்த அவலம் நெடுநாள் விவாதத்தைக் கிளப்பிற்று; 1974 செப்டம்பர் 2-ஆம் தேதி ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட எரிசாவின் காரணங்களுள் அது பிரதானமான ஒன்று. பென்ஷனைக் காப்பதற்கென்று எழுந்த சட்டம், எஜமானர் ஏற்படுத்தும் இயலாமை இன்ஷூரன்ஸையும் தன்னுள் அடக்கிக்கொண்டு, பிற்காலத் தீர்ப்புகளின் மூலம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கே கவசமாகிப் போனது சரித்திரத்தின் விநோதங்களுள் ஒன்று.

கோப்பே வழக்கு என்று ஆனபின், கோப்பு எப்போது மூடப்படுகிறது என்பதே உயிரான கேள்வி ஆகிறது. மறுப்புக் கடிதம் கைக்கு வந்ததும், மறுத்த கம்பெனியிடமே முறையீடு செய்துகொள்வதற்கு விதிகள் குறைந்தபட்சம் 180 நாள் அவகாசம் தருகின்றன. மறுத்தவனிடமே போய் மறுபடியும் கேட்பதில் என்ன பிரயோஜனம், பேருக்கு இரண்டு வரி எழுதிப் போட்டுவிட்டு வக்கீலைப் பார்ப்போம் என்று நினைப்பவர்கள் அநேகர். அந்த இரண்டு வரி முறையீடு நிராகரிக்கப்பட்ட மாத்திரத்தில் கோப்பும் பெரும்பாலும் மூடப்பட்டுவிடுகிறது என்பதும், பிறகு எத்தனை பெரிய வைத்திய நிபுணரிடம் அத்தாட்சி வாங்கி வந்தாலும் அதைப் பார்க்க நீதிபதி மறுக்கக்கூடும் என்பதும் அவர்களுக்கு வெகு தாமதமாகவே தெரிய வருகின்றன. சில கோர்ட்டுகள் சில சந்தர்ப்பங்களில் புதிய சாட்சியத்தை அனுமதிப்பது உண்டு. அதை நம்பி இறங்குவது புத்திசாலித்தனம் ஆகாது.

இரண்டாவது நம்பிக்கை, கம்பெனி சொன்னது சரியா தப்பா என்று நீதிபதி தாமே சீர்தூக்கிப் பார்ப்பார் என்பது. அவர் அப்படிப் பார்க்கக்கூடிய வழக்கும் உண்டு, பார்க்கக் கூடாத வழக்கும் உண்டு. 1989-இல் ஃபயர்ஸ்டோன் எதிர் புரூக் என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, தர்மகர்த்தாக்களைப் பற்றிய பழைய சட்டத்தை ஆதாரமாகக் கொண்டு, சாதாரணமாக நீதிபதி புதிதாகவே ஆராய்ந்து தீர்மானிக்க வேண்டும் என்று சொல்லிற்று. ஆனால் இன்ஷூரன்ஸ் திட்டத்தின் சாசனமே அதன் நிர்வாகிக்கு, அதாவது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கே, தானே தீர்மானிக்கும் விவேக அதிகாரம் கொடுத்திருந்தால், அந்த அதிகாரத்தை அவர் துஷ்பிரயோகம் செய்தாரா என்ற அளவோடு கோர்ட்டு நின்றுகொள்ள வேண்டும் என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று. விளைவை ஊகிப்பதற்கு மேதாவிலாசம் வேண்டியதில்லை. அதன்பின் எழுதப்பட்ட சாசனங்களில் விவேக அதிகார வாசகம் எங்கும் பரவியது. நம் ஊரில் பரீட்சை மார்க்கு குறைந்த மாணவன் மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போடுவதற்கும் மறுகூட்டலுக்கு எழுதிப் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் எதுவோ, அதற்குச் சமீபமான வித்தியாசம் இது. விடைக்கு எத்தனை மார்க்கு தகும் என்பதை மறுகூட்டலில் யாரும் கேட்பதில்லை. தாமே முடிவு செய்திருந்தால் நோயாளிக்குப் பணம் கொடுத்திருக்கக்கூடிய நீதிபதியும், கம்பெனியின் முடிவுக்கு நியாயமான ஆதாரம் ஏதோ இருக்கிறது என்று கண்டால் கையைக் கட்டிக்கொண்டு கம்பெனியின் பக்கம் தீர்ப்பெழுத நேர்கிறது. இந்த அநீதியை உணர்ந்த மாநிலங்கள் பல, இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் அந்த வாசகமே இருக்கக் கூடாது என்று தடுத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில் 2012 முதல் அத்தகைய தடை அமலில் இருக்கிறது. ஆகவே ஒரே நோய், ஒரே கம்பெனி, ஒரே விதமான கோப்பு ஆகியவை இருந்தும், வசிக்கும் மாநிலத்தைப் பொறுத்து வழக்கின் பலம் மாறக்கூடும்.

பணம் கொடுக்க வேண்டியவனே பணம் கொடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிப்பவனாகவும் இருந்தால், அந்தத் தீர்மானம் செல்லாது என்றுதானே எந்த நியாயஸ்தலமும் சொல்லும்? இந்த நம்பிக்கை மற்றவற்றைக் காட்டிலும் நியாய உணர்ச்சிக்கு நெருக்கமானது. ஆதலால் ஏமாற்றமும் அதிகம். 2008-இல் மெட்லைஃப் எதிர் கிளென் என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை ஆராய்ந்தது. சியர்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த பெண்மணி ஒருவருக்கு இருதயத் தசை நோய் கண்டது. இன்ஷூரன்ஸ் கம்பெனியான மெட்லைஃப் முதல் 24 மாதங்கள் பணம் கொடுத்தது. அரசாங்கத்தின் சோஷியல் செக்யூரிட்டியிடமும் இயலாமைத் தொகை கேட்கும்படி அவரைத் தூண்டியது. எந்த வேலையும் செய்ய இயலாதவர் என்று அந்த இலாகா முடிவு செய்து கொடுத்த பழைய பாக்கியில் பெரும்பகுதியையும் ஒப்பந்தப்படி வாங்கிக்கொண்டது. தன் வேலை மட்டும் அன்றி எந்த வேலையுமே செய்ய இயலாது என்று காட்ட வேண்டிய அடுத்த கட்டம் வந்ததும், உட்கார்ந்து செய்யும் வேலை அவரால் செய்ய முடியும் என்று அதே கம்பெனி பணத்தை நிறுத்திவிட்டது. தனக்கு லாபமான இடத்தில் இயலாமையை ஏற்று, நஷ்டமான இடத்தில் மறுத்த இந்தச் சாமர்த்தியத்தை நீதிபதி பிரேயர் தம் தீர்ப்பில் கவனிக்காமல் விடவில்லை. தான் நியமித்த நிபுணர்களுக்கே கம்பெனி எல்லா வைத்திய ஆதாரங்களையும் கொடுக்கவில்லை என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார். பெண்மணிக்கு வெற்றி கிடைத்தது. என்றாலும் கோர்ட்டு வகுத்த விதி, இந்தச் சுயநல முரண்பாடு எடைபோட வேண்டிய பல காரணங்களுள் ஒன்று என்பதுதான். அது இருப்பதனாலேயே முடிவு ரத்தாகிவிடாது. பாரபட்சத்தின் சுவடு கோப்பிலே தெரிந்தால் அதன் கனம் கூடும், தெரியாவிட்டால் குறையும்.

வருஷக்கணக்கில் வைத்தியம் பார்த்துவரும் வைத்தியரின் வார்த்தையே பிரமாணம் என்பதும் அவ்வாறே. பிளாக் அண்ட் டெக்கர் எதிர் நார்ட் வழக்கில், 2003-இல், நீதிபதி கின்ஸ்பர்க் எழுதிய ஏகமனதான தீர்ப்பு, சொந்த வைத்தியரின் அபிப்பிராயத்துக்கு விசேஷ மரியாதை தரவேண்டும் என்ற விதி எரிசா வழக்குகளுக்குப் பொருந்தாது என்று தள்ளிவிட்டது. நம்பத்தகுந்த சாட்சியத்தைக் கம்பெனி காரணமின்றி ஒதுக்கக் கூடாது என்ற மட்டில் ஓர் எல்லையை வைத்தது. “இவரால் வேலை செய்ய இயலாது” என்று ஒற்றை வரியில் அத்தாட்சி எழுதிக் கொடுக்கும் வைத்தியர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதுகிறார். ஆனால் எத்தனை நிமிஷம் உட்காரலாம், எத்தனை பவுண்டு தூக்கலாம், மருந்தின் மயக்கத்தில் எவ்வளவு நேரம் கவனம் நிற்கும் என்று அவர் எழுதாவிட்டால், அந்த வெற்றிடத்தைக் கம்பெனியின் வைத்தியர் நிரப்பிவிடுகிறார். சோஷியல் செக்யூரிட்டியின் முடிவும் இப்படியே. சாட்சியமாகும், கட்டளை ஆகாது. ஆயினும் 2018 ஏப்ரல் 1-க்குப் பின் போட்ட கோரிக்கைகளில், சொந்த வைத்தியரோடோ அந்த இலாகாவோடோ தான் மாறுபடுவதன் காரணத்தைக் கம்பெனி எழுத்தில் விளக்கியாக வேண்டும் என்று விதி வந்திருப்பது சிறு நன்மை.

கோடி கோடியாக நஷ்டஈடு வாங்கிக் கம்பெனிக்குப் புத்தி புகட்டலாம் என்று கனவு காண்பவர்களுக்கு 1987-இன் பைலட் லைஃப் தீர்ப்பு கசப்பான மருந்து. மிசிசிப்பியில் முதுகில் அடிபட்ட தொழிலாளி ஒருவரின் பணத்தைக் கம்பெனி நிறுத்துவதும் கொடுப்பதுமாகப் பலமுறை அலைக்கழித்தது. அவர் மாநிலச் சட்டப்படி மனவேதனைக்கும் தண்டனைக்குமாக வழக்கு போட்டார். எரிசா அதற்கு இடம் கொடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஜெயித்தவருக்குக் கிடைப்பது, ஆதியிலேயே கொடுத்திருக்க வேண்டிய மாதத் தொகையும், வட்டியும், நீதிபதி மனம் வைத்தால் வக்கீல் செலவும்தான். நியாயமற்று மறுப்பவனுக்குத் தண்டனை இல்லாத ஏற்பாடு மறுப்பதை ஊக்குவிக்காமல் வேறென்ன செய்யும் என்று எனக்குத் தோன்றுகிறது. சொந்தப் பணம் கட்டித் தனியாக எடுத்த பாலிசிக்கும், அரசாங்க உத்தியோகஸ்தர்களுக்கும், பொதுவாகச் சர்ச் ஊழியர்களுக்கும் எரிசா பொருந்தாது. அவர்களுக்கு மாநிலச் சட்டமும் அநேக இடங்களில் ஜூரியும் உண்டு.

கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்குப் போடும் உரிமை முறையீடு முடிந்த பிறகே பிறக்கிறது. ஆனால் பாலிசியில் எழுதிய மூன்று வருஷக் கெடு, நோய்க்கு அத்தாட்சி கொடுக்க வேண்டிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கலாம் என்று 2013-இல் ஹைமெஷாஃப் வழக்கில் தீர்ப்பாகியிருக்கிறது.

இவ்வளவையும் கேட்டபின், கம்பெனியை ஜெயிக்கவே முடியாது என்று கையை உதறிவிடுவதும் ஒரு மூடநம்பிக்கையே. கோப்பு நிறைந்திருந்தால் நீதிபதிகள் கண்டிக்கிறார்கள். மாநில இன்ஷூரன்ஸ் அதிகாரிகள் பலர் சேர்ந்து 2004-இல் யூனம் பிராவிடண்ட் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், ஒன்றரைக் கோடி டாலர் அபராதத்தோடு, மறுக்கப்பட்ட இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கோரிக்கைகளை மறுபடி பரிசீலிக்க அக்கம்பெனி இசைய நேர்ந்தது. வெற்றியின் வடிவம் மட்டும் பெரும்பாலும் எதிர்பார்த்தபடி இருப்பதில்லை. கம்பெனி சரியாக ஆராயவில்லை என்று கண்ட நீதிபதி, பணம் கொடு என்று உத்தரவிடாமல், மறுபடி பார் என்று கோப்பை அதே கம்பெனிக்குத் திருப்பி அனுப்புவது சகஜம். அப்படித் திரும்பிப் போய், கம்பெனியே பிறகு பணம் கொடுத்துவிட்ட ஒரு வழக்கில், முழு வெற்றி அடையாதவருக்கு வக்கீல் செலவு எதற்கு என்று ரிலையன்ஸ் ஸ்டாண்டர்டு கம்பெனி வாதாடியது; 2010-இல் சுப்ரீம் கோர்ட்டு, ஓரளவு வெற்றி இருந்தாலே போதும், செலவைக் கொடுக்கச் சொல்லலாம் என்று தீர்த்தது.