உடலினுள் கரியமிலவாயு உண்டாகும் விதம்

நெடுநாள் மூடிய சோளக்குழியைத் திறந்தவுடன் இறங்கியவர் மூர்ச்சித்து விழுவதும், அவரைத் தூக்கச் சென்றவரும் உடன் மடிவதும் கிராமவாசிகள் கேள்விப்படாத சங்கதிகளல்ல. முனி அடித்தது என்பாரும் உளர். உண்மையில் அடித்தது கரியமிலவாயுவே. அது குழியில் சேருவதன் காரணம் நம் தேகத்திலேயே விளங்குமாதலால் முதலில் அதனைக் கவனிப்போம்.

நாம் உள்ளிழுக்கும் காற்றில் கரியமிலவாயு நூற்றுக்கு 0.04 பங்கே உளது; வெளிவிடும் மூச்சிலோ சுமார் 4 பங்கு. சுவாசம் ஒருவகை மந்தமான எரிதலே என்று 1780-ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி லவாசியே கண்டார். அவ்வெரிதல் நுரையீரலில் நிகழ்வதாக அவர் எண்ணியது மட்டும் பொருந்தவில்லை. தேகமெங்குமுள்ள உயிரணுக்களே அடுப்புகள். நுரையீரல் புகைபோக்கியை ஒக்கும்.

அன்னத்தின் மாவுப்பொருள் ஜீரணமாகி, குளூகோஸ் என்னும் சர்க்கரையாய் ரத்தத்தின் வழியே உயிரணுக்களை அடைகிறது. அங்கே அது விறகைப்போல் ஒரேயடியாய்ப் பற்றியெரியாமல் படிப்படியாகச் சிதைகிறது. இப்படிகளுள் முக்கியமானதொரு சக்கரத்தை 1937-ல் ஹான்ஸ் கிரெப்ஸ் விளக்கினார். சர்க்கரையிலுள்ள கரி, கரியமிலவாயுவாய்ப் பிரிகிறது. பலர் மயங்குமிடம் ஒன்றுண்டு: நாம் இழுக்கும் பிராணவாயு நேரே கரியோடு சேர்வதில்லை, கடைசிப் படியில் ஹைட்ரஜனுடன் கூடி நீராகிறது. 180 கிராம் குளூகோஸ் முற்றும் சிதைய 192 கிராம் பிராணவாயு செலவாகி, 264 கிராம் கரியமிலவாயுவும் 108 கிராம் நீரும் உண்டாகும். இதில் வெளிப்படும் சக்தியே ஏர் பிடிக்கும் கைக்கு வலுவும் உடலுக்குச் சூடும் தருவது. கரியமிலவாயுவை ரத்தம் நுரையீரலுக்குக் கொண்டுசெல்ல, அது மூச்சாய் வெளியேறுகிறது.

தானியமும் உயிருள்ள பொருளே. அதுவும், அதிலுள்ள வண்டும் பூசணமும் இவ்வாறே சுவாசிக்கின்றன. ஈரம் மிகுந்தால் சுவாசம் விரைவுபடும். காயாத தானியக் குவியலுள் கையை விட்டால் சுடுவது அதனாலேயே. ஆனால் குழிக்குப் புகைபோக்கி இல்லை. பிராணவாயு குன்ற, காற்றினும் ஒன்றரை மடங்கு கனமான கரியமிலவாயு அடியிலேயே தங்கும். அது காற்றில் நூற்றுக்கு 10 பங்குக்கு மேற்படின் சில நிமிஷங்களில் நினைவு தப்பும்.

விளக்கை இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் இறங்கலாகாதென்பது நிச்சயம். அணையாவிடினும் அபாயமில்லையென்று கொள்ளற்க. விளக்கெரியப் பிராணவாயு போதுமாயிருக்கையிலேயே மனிதனுக்குத் தீங்கு செய்யும் அளவு கரியமிலவாயு இருத்தல் கூடும். ஆதலின் வாயை அகலத் திறந்துவைத்து, விசிறிப் பொறியால் அடிவரை நற்காற்றைச் செலுத்திய பின்னரே, உடலிற் கயிறு கட்டி, மேலே இருவர் பிடித்திருக்க இறங்கவேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் கயிற்றால் இழுத்தெடுக்க. வேறெவரையும் இறங்கவிடாது தீயணைப்பு நிலையத்திற்கு உடனே அறிவிக்க.