பரோக் நிலையத்தின் கூரை

கால்காவிலிருந்து சிம்லாவுக்கு மலையேறும் 96 கிலோமீட்டர் இருப்புப்பாதை 1903இல் திறக்கப்பட்டது. அதன் குகைப்பாதைகளுள் மிக நீண்டது 33ஆம் எண்ணுடையது. 1,143 மீட்டருக்குச் சற்று மிகுதி. அக்குகையைக் கடந்ததும் வருகின்ற சிறு நிலையமே பரோக்.

அந்நிலையத்தின் முக்கோண முகப்பையும் சரிந்த கூரையையும் படத்திற் கண்டு, 'ஆங்கிலேயர் தாய்நாட்டை எண்ணி ஏங்கிச் செய்துகொண்ட ஒப்பனை' என்று நம் விடுதியில் வாதிட்டவன் நான். சென்ற ஆடியில் நேரிற் சென்றேன். மழை பிடித்துக்கொண்டது. அரைமணி நேரம் இறவாரத்தின் கீழ் ஒதுங்கினேன். நான் நனையவில்லை; என் வாதந்தான் நனைந்தது.

இயற்பியல் மாணவனுக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். கூரை 45 பாகை சரிந்திருப்பதாகக் கொள்வோம். குளிர்காலத்தில் அதன்மேல் பனி படிந்தால், எடையில் ஏறத்தாழ 71 விழுக்காடு கூரையை அழுத்தும். அதே அளவு விசை பனியைச் சரிவின் வழியே இழுக்கும். (இரண்டும் சேர்ந்து 142 ஆகிறதே என்று கலைப்பிரிவு அன்பர்கள் மிரள வேண்டா, விசைகள் திசையையும் பார்த்தே கூடும்!) உராய்வுக் கெழு ஒன்றுக்குக் குறைந்தால் பனி வழுக்கி விழும். படிந்தது நூறு கிலோவா ஆயிரமா என்ற கேள்வியே இல்லை. கோணமே முடிவு செய்கிறது. மரச்சட்டங்கள் பிழைக்கும்.

ஏக்கம் அறவே இல்லையென்றும் சொல்லேன். சிம்லா 1864 முதல் அவர்களுடைய கோடைத் தலைநகர் அன்றோ! ஆனால், ஏக்கம் மட்டுமே என்றது என் பிழை.

அவ்வழியே செல்லும் அன்பர்கள் அக்கூரையின் உண்மையான சரிவை அளந்து வந்து சொல்லுங்கள். அன்று என்னிடம் குடையும் இல்லை, கோணமானியும் இல்லை.